நூற்றுக்கு நூறு வாங்கிய இதயம்

மழை பிடித்துக்கொண்டது. பஸ் வருகிற வழியாக இல்லை. நிழற்குடைக்குள் ஒதுங்கியவளுக்கு நிற்கவும் தெம்பில்லை... இரண்டே நாளில் மூன்றாவது முறையாக ஒரே இதயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்திருந்தாள்.

நோயாளியின் ஸ்கேனைப் பார்த்து அவருடைய இதயத்தைக் கணினியில் லட்சம் பொடித் துண்டுகளாகக் கட்டுவார்கள். வலை என்று பெயர். துண்டுகள் நசுங்காமல் இருக்கின்றனவா, வடிவம் ஸ்கேனோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது இவள் பிழைப்பு. அதற்கப்புறம்தான் அந்த இதயம் எப்படிச் சுருங்கும், டாக்டர் எங்கே கத்தி வைக்கலாம் என்று கணக்குப் போட முடியும்.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க..." என்றான் பக்கத்தில் நின்றவன். நனைந்த இமைகளுக்குக் கீழே சிரிக்கிற கண்கள்.

யாரோ எவரோ என்ற தைரியத்தில் கொட்டித் தீர்த்தாள். "எதிர்க் கட்டடத்துல ஒரு மகானுபாவர் இருக்கார். வலை கட்டச் சொன்னா குப்பையை அள்ளி அனுப்பறார். என் உசுரை வாங்கறார்."

"அப்படியா... ஆள் எப்படி இருப்பார்?"

"யார் கண்டா? மெயில்லதான் பழக்கம்."

"இப்ப நேர்லயும் பழகிட்டீங்க."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. பாவி, முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

மறுநாள் காலை புது வலை வந்தது. நசுங்கிய துண்டு மருந்துக்குக்கூட இல்லை, நூற்றுக்கு நூறு. ஸ்கேன்மேல் வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும்தான். ஆனால் நேற்று அந்தப் பேச்சு பேசிவிட்டு இன்றைக்கும் குடைவதா... கையெழுத்தைப் போட்டாள்.

பதினோரு மணிக்கு அவனே மூச்சிரைக்க வந்து நின்றான். கண்ணில் சிரிப்பைக் காணோம்.

"பாஸ் பண்ணாதீங்க. துண்டெல்லாம் அழகா வரணும்னு மேற்பரப்பையே இழுத்துட்டேன். இதயத்தோட நுனியில சுவர் மெலிஞ்சு இருந்துச்சு... இப்ப தடிச்சுப் போச்சு."

"பண்ணிட்டேன்..."

டாக்டர் கத்தி வைக்கப்போவதே அந்த மெலிந்த இடத்துக்குப் பக்கத்தில்.

"நான் சொல்லிக்கறேன். உங்க பேர் அடிபட வேண்டாம்," என்றான்.

ஆறு வருஷத்தில் அவள் ஒரு கையெழுத்தையும் திரும்பப் பெற்றதில்லை. அந்தப் பெருமை தடுத்தது. இருந்தும் போனை எடுத்தாள். "டாக்டர்... நான் ஒப்பிட்டுப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தக் கணக்கை நம்பாதீங்க." மறுமுனை கிழி கிழியென்று கிழித்தது. முழுசையும் வாங்கிக்கொண்டாள்.

நாலு மணிவரை இருவரும் ஒரே திரைமுன் உட்கார்ந்தார்கள். மெலிந்த சுவர் திரும்ப வந்தது. அங்கங்கே சில துண்டுகள் கொஞ்சம் நசுங்கின, போகட்டும். கணக்கு நடுவில் நிற்காமல் ஓடி முடிந்தது.

"மேற்பரப்பைத் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றான் அவன் மெல்ல. "நேத்து உங்களைப் பார்த்ததுக்கப்புறம்... ஒரு தடவையாவது நல்லாயிருக்குன்னு நீங்க சொல்லணும்னு தோணிச்சு. புத்தி மழுங்கிடுச்சு."

வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"இனிமே உங்க வலையை நான் பார்க்க மாட்டேன். வேற ஆளைப் போடச் சொல்லிடறேன்."

அவன் முகம் வாடிப்போனது. "இன்னும் கோபமா?"

"கோபமில்ல. உங்க மனசு நோகுமேன்னு இன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கும் போடுவேன்..." அவள் தலை நிமிர்ந்தது. "உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."