இரண்டாவது பொட்டலம்

நாற்பது வேண்டும். மானி மூன்று காட்டியது.

இன்பவல்லி திரையை விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். தட்டினால் ஏறுகிற சமாசாரமா அது? மூன்று அசையாமல் நின்றது. எதிர் நாற்காலியில் மானியின் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு சோலையம்மா உட்கார்ந்திருந்தாள். பாசிப் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தவள், சேதி கேட்டுப் போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கிறாள். முழங்கால் வரை பச்சைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னொரு தடவை கேக்குறேன்க்கா. உங்க பொண்ணு நிறைமதிக்கு மண்டையிலே ஆபரேஷன் பண்ண உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் மேடம். ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. வெள்ளைப் பூ வந்துருச்சு."

மூன்று.

"ஆத்தாவைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்ல என்ன மேடம் இருக்கு? அவ சொன்னதுக்கு மேலே நான் யாரு?"

இரண்டு. அடக் கடவுளே என்று வாய்வரை வந்ததை இன்பவல்லி விழுங்கிக்கொண்டாள். கடவுளால் வந்த வினைதானே இது!

தன்விருப்பமானி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒருவர் 'சரி' என்று சொல்லும் நொடியில் அந்தச் சரி மூளையில் எங்கே பிறக்கிறது என்று அது பார்க்கும். பயத்தில் பிறந்ததா, பழக்கத்தில் பிறந்ததா, அடுத்தவர் திணித்ததா, சொந்தமாக யோசித்ததா என்று பிரித்து, சொந்தப் பங்கு நூற்றுக்கு இவ்வளவு என்று எண்ணைக் காட்டிவிடும். அதற்கு முன்பெல்லாம் சாமியார் சொன்னார் என்று வீட்டை எழுதிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர், மாமியார் முறைத்தாள் என்று கருவைக் கலைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அதனால்தான் இசைவுச் சட்டம் வந்தது. நாற்பதுக்குக் கீழே உள்ள சம்மதம் சம்மதமே அல்ல. கல்யாணப் பதிவானாலும் சரி, அறுவைக்கரம் என்கிற ஆபரேஷன் இயந்திரம் இயங்குவதானாலும் சரி, நாற்பது வராமல் பூட்டு திறக்காது. நல்ல சட்டம். இன்பவல்லியின் அம்மாவைப் பதினேழு வயதில் அழ அழக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள், இந்த இசைவு அலுவலர் வேலையைக் கேட்டு வாங்கி வந்தாள்.

சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எவ்வளவு விருப்பமோ அவ்வளவு பொறுப்பு. குற்றவாளிக்கு மட்டுமல்ல, அதிகாரிக்கும் அதுதான் கணக்கு. விதிப்படி செய்தேன் என்கிற அலுவலருக்கு எப்போதும் இரண்டோ மூன்றோதான் வரும். அவர் கையால் ஊரே கெட்டாலும், எண் பத்தைத் தாண்டாதவரை ஒருவரும் அவரை ஏன் என்று கேட்க முடியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஃபர்ஹானா உள்ளே வந்தாள். அறுவைக்காரி, பேச்சிலும் கத்தி இருக்கும்.

"என்ன வல்லி, ஆச்சா? மணி மூணு பத்து. நாலுக்குள்ளே மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுக்கலேன்னா அப்புறம் திறந்து பிரயோஜனம் இல்லே."

"மூணுதான் வருது டாக்டர்."

"அவசர விதிவிலக்கு?"

"துணைக்கு ஆள் இல்லாத நோயாளிக்குத்தான் அது. தாய் பக்கத்திலே இருக்கிற பிள்ளைக்குக் கிடையாது."

"அப்ப இந்தம்மா வராமலே இருந்திருந்தா பொண்ணு பிழைச்சிருக்கும். நல்லா எழுதினாங்கய்யா சட்டம்!" டாக்டர் சோலையம்மாவின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. "காத்தாடிக் கோபுரத்து ஏணியிலேருந்து விழுந்திருக்கா. அடி இடது பக்கம். உயிரைக் காப்பாத்திடலாம். பேச்சு திரும்ப வராமப் போகலாம். காலையிலேயே சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தாயி. அதான் ஆத்தாகிட்டே கேட்டேன்."

சோலையம்மா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மகளைப் பார்க்க ஓடினாள். அவள் ஆத்தாவிடம் கேட்ட விதம் இதுதான். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு சின்ன மாரியம்மன் உண்டு. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலைக் கிழிசலில் ஒன்றுபோலக் கட்டி ஆத்தா காலடியில் போட்டு, யாரோ ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. வெள்ளை வந்தது. மற்றதைப் பிரிக்கக்கூடாது என்பது முறை. அதை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

அந்த மற்றது இப்போது இன்பவல்லியின் மேசைமேல் கிடந்தது. சோலையம்மா அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்பவல்லிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பச்சைப்பிள்ளையின் உயிர் கால்துட்டுப் பூவில் வந்து நிற்கிறதே! பொட்டலத்தை எடுத்துக் குப்பைக்கூடையை நோக்கி வீசினாள். கூடையின் விளிம்பில் பட்டு இலை கிழிந்தது.

உள்ளே இருந்தது வெள்ளை.

அவள் குனிந்து எடுத்து, பிரித்து, ஒவ்வொரு பூவாகப் பார்த்தாள். எல்லாம் நந்தியாவட்டை. சிவப்பு பேருக்குக்கூட இல்லை.

அடியே சோலையம்மா! குழந்தை எதை எடுத்தாலும் ஆத்தா 'செய்' என்றுதான் சொல்லியிருப்பாள். முடிவு சன்னிதியில் எடுக்கப்படவே இல்லை. பூக்காரியிடம் வெள்ளையை மட்டும் வாங்கினாளே, அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. நூற்றுக்கு நூறு அவளுடைய முடிவு. ஆனால் தொப்பி மாட்டியபோது அந்த முடிவு பழசாகிவிட்டது. மிச்சமிருந்தது கீழ்ப்படிதல் மட்டும். மானி அதைத்தான் அளந்தது.

அப்படியானால் வழி பிறந்துவிட்டது. பொட்டலத்தைக் காட்டி, 'நீதானே முடிவெடுத்தாய், அதை வாயால் சொல்' என்றால் போதும். எண் ஏறிவிடும். இன்பவல்லி பொட்டலத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள்.

சோலையம்மா தீவிரப்பிரிவின் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து நின்றிருந்தாள். உள்ளே ஒன்பது வயதுப் பெண், தலை நிறையக் கட்டோடு.

"அக்கா, ஒரு விஷயம்."

"இவ வாயாடி மேடம்," என்றாள் சோலையம்மா, திரும்பாமலே. "தூக்கத்திலேயும் பேசுவா. பாத்தியிலே எல்லாரும் இவளை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. நாளைக்குப் பேச்சு போயி, இவ ஒரு தாளிலே எழுதி என்கிட்டே நீட்டினா? 'ஏம்மா சரின்னு சொன்னே'ன்னு கேட்டா? ஆத்தா சொன்னாடீன்னு சொல்லுவேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேடம் நிக்கிறேன். அதுவும் இல்லேன்னா நான் விழுந்துருவேன்."

இன்பவல்லியின் கை மூடிக்கொண்டது. உள்ளங்கையில் பூ நசுங்கியது. கேட்க வந்ததை அவளால் கேட்க முடியவில்லை.

மணி மூன்று நாற்பது.

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். வலைத்தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டினாள். மானி மூளையை அளக்குமே தவிர யாருடைய மூளை என்று அப்போது கேட்காது. அதை அலுவலர் பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்பியிருந்தது. பிடிபட்டால் வேலை போகும், சிறை நிச்சயம். எல்லாம் தெரிந்துதான் கேட்டுக்கொண்டாள்: இந்தப் பெண்ணுக்கு அறுவை செய்யச் சம்மதமா?

"சம்மதம்."

தொண்ணூற்றாறு. இத்தனை வருஷத்தில் அவ்வளவு பெரிய எண்ணை அவள் பார்த்ததே இல்லை. சோலையம்மாவின் பெயரில் அனுப்பினாள். மாடியில் அறுவைக்கரத்தின் பூட்டு திறந்தது.

நிறைமதி பிழைத்தாள். பேச்சு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தணிக்கையில், பதிவான மூளை அலை சோலையம்மாவுடையதோடு ஒத்துப்போகாமல் இன்பவல்லி பிடிபட்டாள். அடையாள மோசடி; மூன்று வருஷம் வரை சிறை. விசாரணை ஏழாவது வாரம் தலைநகரில், காலை பதினோரு மணிக்கு. வாசலில் இறங்கியவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். இசைவுத் துறைத் தலைமையகத்து மதிலோரம் மூன்று பூக்காரிகள் கடை போட்டிருந்தார்கள். கூடையில் அரளியும் நந்தியாவட்டையும் மட்டும். கோட்டுப் போட்ட அதிகாரிகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேறொன்றும் இல்லை. அவளுடைய வழக்கின் கோப்பை ஆளாளுக்குப் படித்திருக்கிறார்கள். பூ போட்டுப் பார்த்தால் எண் மூன்றுக்கு மேல் ஏறாது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. மதச் சடங்கைக் கேள்வி கேட்கக்கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அப்புறம் என்ன, உரிமம் கொடுப்பதா வேண்டாமா, ஆளை மாற்றுவதா வேண்டாமா, எல்லாம் பூவில்தான் நடக்கிறது. மூடநம்பிக்கையை ஒழிக்க வந்த இயந்திரம், ஆபீஸ் ஆபீஸாக ஆத்தா படம் மாட்ட வைத்துவிட்டது.

விசாரணைத் தலைவர் திருவேங்கடம் தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். தீர்ப்பும் ஒரு செயல்தானே. அவருக்குப் பத்துக்கு மேல் வந்தால் நாளை மேல்முறையீட்டில் அவரும் கூண்டில் ஏற வேண்டும். சாட்சிப் பெஞ்சில் சோலையம்மாவும், பக்கத்தில் தலையில் முடி முளைக்கத் தொடங்கிய நிறைமதியும்.

"மகளுக்கு அறுவைன்னு முடிவெடுத்தது யாரும்மா?" என்றார் திருவேங்கடம்.

"ஆத்தா சார். நான் ஒண்ணும் சொல்லலே," என்றாள் சோலையம்மா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்பவல்லி, நீங்க ஏதாவது சொல்லணுமா? விதிப்படி கையை விரிச்சுட்டு வீட்டுக்குப் போயிருந்தா உங்களுக்கு ரெண்டுதான் வந்திருக்கும். குழந்தை செத்திருக்கும், வாஸ்தவம். ஆனா உங்கமேலே யாரும் விரல் நீட்டியிருக்க முடியாது."

இன்பவல்லியின் கைப்பையில் அந்தப் பொட்டலம் சருகாகிக் கிடந்தது. எடுத்து மேசையில் வைத்தால், தாயின் சம்மதம் நிஜமான சம்மதம் என்று ஆகும். தண்டனை பாதியாகக் குறையும். ஆனால் அந்தப் பெண் எதிரிலேயே உட்கார்ந்து தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஒண்ணும் இல்லே சார்."

"அப்ப சரி. எனக்கு முடிவெடுக்க என்ன அதிகாரம்? ஆத்தாவே சொல்லட்டும்." திருவேங்கடம் சட்டைப்பையிலிருந்து இரண்டு இலைப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். "வெள்ளைன்னா மன்னிப்பு. சிவப்புன்னா மூணு வருஷம். குழந்தைதான் எடுக்கணும். இந்தா கண்ணு, வா."

நிறைமதி எழுந்து போனாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னைப் பிழைக்கவைத்த அத்தை யார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள்.

குமாஸ்தா பிரித்தார். சிவப்பு அரளி.

"ஆத்தா உத்தரவு," என்றார் திருவேங்கடம். தலைக்குமேல் திரையில் மூன்று. குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

சிறுமிக்கு முகம் கோணிவிட்டது. தவறாக எடுத்துவிட்டோம், அந்த இன்னொன்றில்தான் வெள்ளை இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, சட்டென்று கையை நீட்டினாள். அதைவிட வேகமாக விழுந்தது திருவேங்கடத்தின் உள்ளங்கை. பொட்டலத்தைப் பொத்திக்கொண்டது.

"அதைப் பிரிக்கக்கூடாது பாப்பா!"

திரையில் மூன்று மறைந்தது. நாற்பது, எழுபது, தொண்ணூற்றிரண்டு.

குமாஸ்தா திரையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், எழுதவில்லை. இன்பவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சோலையம்மாவுக்கும் விளங்கிவிட்டது. இந்த வித்தை தெரிந்தவள் அல்லவா அவள்?

சோலையம்மா எழுந்தாள்.

"அந்தப் பொட்டலத்தைப் பிரிங்க சார்."

"உட்காரும்மா. சாமி விஷயம். பிரிச்சா குத்தம்."

"குத்தம்தான் சார். பிரிங்க. அதுவும் சிவப்புத்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா, வேண்டாம்!" என்று இன்பவல்லி கத்தினாள். "சம்மதத்தை மறைச்சா உங்க மேலேயும் கேஸ் வரும். பொண்ணு வேறே பக்கத்திலே இருக்கா. உட்காருங்க!"

சோலையம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இன்பவல்லிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எப்படித் தெரியும்னா, நானும் அப்படித்தான் சார் கட்டினேன். ரெண்டிலேயும் வெள்ளை. என் புள்ளையைச் சாக விடக்கூடாதுன்னு எனக்கு முன்னாடியே முடிவாயிருச்சு. சொல்லத் தைரியம் இல்லாம ஆத்தா தலையிலே கட்டினேன். நீங்க இப்போ கட்டுறீங்க பாருங்க, அதே மாதிரி."

திருவேங்கடத்தின் கை தளர்ந்தது. நிறைமதி அதன் அடியிலிருந்து பொட்டலத்தை உருவிக்கொண்டாள். ஆனால் பிரிக்கவில்லை. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரமாக அவள் எழுதிக் காட்டிய எல்லாத் தாளிலும் இருந்த கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது.

சோலையம்மா அவள்முன் போய் மண்டியிட்டாள்.

"ஆத்தா இல்லேடீ கண்ணு," என்றாள். "நான்தான் சரின்னு சொன்னேன். பேச்சு போனாலும் பரவாயில்லே, நீ வேணும்னு நான்தான் சொன்னேன்."

அந்த நேரத்தில் அவள் தலையில் தொப்பி இல்லை. எண் எவ்வளவு என்று குறித்துவைக்க யாருக்கும் வழியில்லை. நிறைமதி பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, அம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மன்னித்தாளா இல்லையா என்று இன்பவல்லியால் கண்டுபிடிக்க முடியவில்லை.