ஒரு பிடி மேல்மண்

“கயிறு கட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?”

ஆல்பர்ட் அவளிடம் முதன்முதலாகக் கேட்டது அதுதான்.

“எனக்குத் தெரியுதுங்க... ஆட்டுக்குத்தான் தெரியல.”

குட்டியை அணைத்தபடி நின்றாள் சகாய பிரியா. ஐப்பசித் தூறல் அவள் இமைகளில் தொங்கியது. முகமூடிக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன... அவை சிரித்தன. அளக்கும் கருவியை ஆட்டின் மேல் ஓட்டினான்.

“ஆட்டுக்கு ஒண்ணுமில்ல.”

“எனக்கு?”

அவன் கருவியை அவள் பக்கம் திருப்பினான்.

ஏதோ ஓர் ஆலை கழித்துப்போட்ட பெட்டியைக் காயலான் கடைக்காரர் ஒருவர் அவர்கள் வயலோரம் வைத்து உடைத்திருந்தார். உள்ளேயிருந்த கதிரியக்கத் தூள் மண்ணில் கலந்துவிட்டது. நாலு விரல் ஆழத்துக்கு மேல்மண்ணைச் சுரண்டி, மூட்டை கட்டி அகற்ற வந்தவன் ஆல்பர்ட். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன்... நாற்பது நாள் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பெண் கேட்டான். அப்பா சவரியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பதினஞ்சு வருசம் ஆட்டுக் கிடை போட்டு, உரமேத்தித் தேத்துன மண்ணு. அதை அள்ளிட்டுப் போறவனுக்குப் பொண்ணையும் கொடுக்கணுமா?”

கடைசி அளவெடுப்பு நாள் வந்தது. சரியாக இருந்தால் மார்கழியில் கடலை விதைக்கலாம். வடக்கு மூலையில் ஆல்பர்ட்டின் கருவி கத்தியது.

“நேத்து இந்த இடம் சுத்தமா இருந்துச்சே ஐயா... இப்ப முழுசா திரும்ப அளக்கணும். மாசக்கணக்காகும்.”

சவரியார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப இந்த வருசம் கடலை இல்லையா தம்பி?”

தம்பி... அப்பா அவனை அப்படி அழைத்ததே இல்லை. பிரியாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

“நான்தான் போட்டேன். நேத்து சாயங்காலம், மூட்டையிலேர்ந்து... ஒரு பிடி.”

“ஏங்க?”

“அளவு சரியாயிட்டா நீங்க போயிடுவீங்கல்ல... உங்களைப் பிடிச்சிருக்குங்க. வாயால சொல்லத் தெரியல எனக்கு.”

அவன் கண்களில் கோபமில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேன் தண்ணீரை ஊற்றி, சோப்புப் போட்டு, விரல் விரலாக அவள் கைகளைக் கழுவிவிட்டான். கருவி அமைதியாகும்வரை கழுவினான். ஈரக் கைகளை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்திருந்தான்... விட்டான்.

பிறகு அந்த மூலை மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினான். நடந்ததை எழுதி, அந்த மூலை தவிர மற்ற நிலத்தில் விதைக்கலாம் என்று கையெழுத்திட்டு, காகிதத்தைச் சவரியாரின் மடியில் வைத்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்போடு நடந்தான்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவன் திரும்பவேயில்லை.