எழுப்பாமல் வந்தவள்

பத்து மூச்சு எண்ணிவிட்டுப் புவனேஸ்வரி நிறுத்தினாள். அறையில் பதினோராவது மூச்சு ஒன்று கேட்டது.

மெல்ல இழுத்து, கொஞ்சம் தங்கி, சளி கட்டியவர்கள் விடுவதுபோல் கரகரவென்று வெளியே வந்தது. பாயில் மல்லாந்து படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பீரோவும் தையல் மெஷினும் கொடியில் தொங்கிய கணவன் மணிவேலின் காக்கிச் சட்டையும் இருந்த இடத்திலேயே இருந்தன. மணிவேல் முதல் பஸ்ஸை எடுக்க நாலரைக்கே டிப்போவுக்குப் போய்விட்டான். துறைமங்கலத்து வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. ஃபேன் சத்தமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஃபேனைப் போடவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் தனியாக யோகா செய்ய ஆரம்பித்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். அதற்கு முன் நான்கு வருடம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், ராசாங்கம் மாஸ்டரின் வகுப்பில் இருபது பெண்களோடு செய்தவள். மாஸ்டர் வெளியூர் போனால் வகுப்பை இவள்தான் நடத்துவாள். பெண்கள் இவளையும் டீச்சர் என்று கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்புகூட உண்டு. முழங்கால் வலி என்று பொய் சொல்லி வகுப்பிலிருந்து நின்றபோது மாஸ்டர் அப்படியே நம்பினார்.

“வூட்டுலயே செய்யுங்கம்மா, தப்பில்ல. நிக்கிறது, குனியிறது எல்லாம் தனியா செஞ்சுக்கலாம். சவாசனம் மட்டும் வேணாம். எழுப்ப ஆளிருக்காது.”

அந்த ஒரு விஷயத்தில் மாஸ்டர் பிடிவாதக்காரர். வகுப்பு முடிவில் எல்லோரும் பிணம்போல் அசையாமல் கிடக்க, ஒவ்வொருவரிடமும் போய், கால் கட்டைவிரலைத் தொட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவார். படுக்க வச்சவங்கதான் எழுப்பணும் என்பார். கடைசி ஆள் எழுந்து உட்காரும்வரை மண்டபத்தை விட்டு நகரமாட்டார்.

புவனேஸ்வரி நகர்ந்தாள்.

அவள் வகுப்பு நடத்திய கடைசி நாள், மாஸ்டர் ஒரு கல்யாணத்துக்காகக் கீழப்பழுவூர் போயிருந்தார். இவளுக்கு வேப்பந்தட்டையில் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இருபது பேர் காலைத் தொட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது? முன்னால் நின்று கையைத் தட்டி, “எல்லாரும் எந்திரிங்க” என்றாள். பத்தொன்பது பேர் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். கடைசி வரிசையில் செல்வம்மாள் எழவில்லை. அறுபது வயது, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வருகிறவள். வாய் லேசாகத் திறந்திருந்தது. புவனேஸ்வரி பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். நேற்றெல்லாம் கடலைக்காட்டில் வேலை, அசந்து தூங்குகிறாள், மகள் வந்து எழுப்பிக்கொள்ளட்டும் என்று படியிறங்கிவிட்டாள்.

மகள் மஞ்சுவுக்கு வருகிற வழியில் வண்டி பஞ்சர். முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வந்தாள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அன்று சாயங்காலம் மஞ்சு கேட்டாள். “நீங்க கிளம்பறப்ப அம்மா எந்திரிச்சுட்டாங்களா டீச்சர்?”

“எந்திரிச்சு உக்காந்தாங்கம்மா. என் கண்ணால பாத்தேன். மக வந்துரும், நீ போன்னாங்க.”

ஒரே ஒரு பொய். அது மஞ்சுவைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா தனக்காகக் காத்திருந்து, காத்திருந்தே சாய்ந்துவிட்டாள் என்று அவள் நம்பினாள். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஃபோன் செய்து, அம்மா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களா என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைக்கும்போது புவனேஸ்வரிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும். நேற்று ராத்திரி, “நான் இருந்து யாருக்கு என்ன டீச்சர்” என்று மஞ்சு சொன்ன தொனியைக் கேட்டதும் இவள் அவளை வரச்சொன்னாள்.

“காலையில ஆறு மணிக்கு வூட்டுக்கு வாம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

இன்று சொல்லிவிடப் போகிறாள். கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்திருந்தாள். விடிய விடியத் தூங்காததில் தலை சுற்றியது. மாஸ்டர் வேண்டாம் என்றாலும் ஐந்து நிமிடம் சவாசனத்தில் கிடந்தால் தைரியம் வரும் என்று படுத்தாள்.

இப்போது அந்த மூச்சு இடது பக்கத்திலிருந்து வந்தது. மிக அருகில், ஒரு பாய் விரிக்கிற தூரத்தில். தைல வாசனை மெதுவாக அறைக்குள் ஏறியது. இந்த வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை. எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றப் பார்த்தாள். கை வரவில்லை. காலை இழுத்தாள். கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. கழுத்தும் திரும்பவில்லை. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அதுவும் நிதானமாகத்தான் அடித்தது, பக்கத்து மூச்சோடு சேர்ந்து.

ஏறியது. இறங்கியது. காத்திருந்தது.

அது எதற்குக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு நாளாகக் காத்திருக்கிறது.

சந்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஸ்டாண்ட் போடுகிற சத்தம். மஞ்சு. இதோ மஞ்சு. கத்த வேண்டும். நாக்கு புரளவில்லை. மஞ்சு என்று வரவில்லை. ஐயோ என்றும் வரவில்லை. தொண்டையில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது.

“செல்வம்மாக்கா... மெதுவா... எந்திரிங்க.”

பக்கத்தில் பாய் சரசரத்தது. சொல்லிக்கொடுத்தபடியே, வலது பக்கமாகத் திரும்பி. இவள் பக்கமாக. கன்னத்தில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு. உள்ளங்கை தரையில் ஊன்றியது. முட்டி சொடுக்கியது. எழுந்து உட்கார்ந்தது.

கதவு திறந்தது.

“டீச்சர்?” என்ற மஞ்சுவின் காலடி வாசலிலேயே நின்றது. சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள். “அம்மா... லேட்டாயிடுச்சாம்மா?”

“நீ எங்க லேட்டு? நான் இப்பதான எந்திரிச்சேன். டீச்சர் இப்பதான் கூப்புட்டாங்க.”

மஞ்சு அழுதாள். முப்பத்தெட்டு நாள் பாரத்தை இறக்கி வைத்த அழுகை. புவனேஸ்வரி கூரையைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

“டீச்சர் கண்ணத் தொறந்துக்கிட்டே படுத்திருக்காங்கம்மா. எழுப்பவா?”

“வேணாம். அசந்து தூங்குறாங்க.”

இரண்டு பேருடைய காலடிச் சத்தம் வெளியே போனது. சத்தம் வராமல், பதமாக, யாரோ கதவைச் சாத்தினார்கள். ஸ்கூட்டி கிளம்பிச் சந்து முனையில் திரும்பியது. பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்தார்கள், குடம் நிரம்பியது, யாரோ யாரையோ டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். ஜன்னல் வழியாக ஓர் ஈ உள்ளே வந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. தாழ்ந்து வந்து, விரியத் திறந்திருந்த அவளுடைய வலது கண்ணின் மேல் உட்கார்ந்து, முன்கால் இரண்டையும் நிதானமாகத் தேய்த்தது. அவளால் இமைக்க முடியவில்லை.