மாடியில் ஒரு லோடு

முதலில் விளக்கு மங்கியதா, இல்லை மாமா பொய் சொன்னாரா... இப்போது தம்பியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்த மாதிரிதான் ஞாபகம்.

"உங்கக்கா காலையிலயே சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா, மாப்ளே."

சோபாவில் இருந்த தம்பி நிமிர்ந்தான்.

"நாளைக்குக் கோர்ட்ல சாட்சி சொல்லணும், மாமா. இன்னிக்குப் போய் ஊர் சுத்துவாளா? போனும் ஆஃப்ல இருக்கு."

"அதை அவகிட்ட கேளு."

மாமா விற்ற போலி ஸ்டெபிலைசர் ஒரு வீட்டையே எரித்திருந்தது. உள்ளே தூங்கிய பெரியவர் எழுந்திருக்கவே இல்லை. சரக்கு போலி என்று தெரிந்தேதான் மாமா விற்றார்... அதைச் சொல்ல அக்கா ஒருத்திதான் சாட்சி.

ஹால் விளக்கு மறுபடி மங்கியது.

பளிச்சென்றது.

மங்கியது...

"ஏன் மாமா இப்படி மங்குது?"

வோல்டேஜ் பற்றி யாராவது கேட்டுவிட்டால் மாமாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"ஃப்ரிட்ஜ் மோட்டார் ஸ்டார்ட் ஆகுது. அப்ப கரெண்டை மொத்தமா இழுக்கும். வோல்டேஜ் சட்டுனு இறங்கும். எல்.இ.டி. இருக்கே, அது உடனே காட்டிக் கொடுத்துடும்."

தம்பி போய் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினான்.

விளக்கு மங்கியது.

"அப்ப தெருவுலயே லோ வோல்டேஜ்."

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு விளக்கு அசையாமல் எரிந்தது.

"நம்ம வீட்டுல மட்டும்தானே மங்குது?"

"அப்படின்னா நம்ம லைன்லயே பெரிய லோடு ஒண்ணு ஏறி இறங்குதுன்னு அர்த்தம். ஸ்டெபிலைசர் டெஸ்டிங்குக்கு மாடியில நான் பழைய அயர்ன் பாக்ஸ் போடுவேனே, அந்த மாதிரி..."

மாமாவின் வாய் பாதியில் நின்றது.

விளக்கு மங்கி, மங்கி எரிந்தது.

"மாடியில இப்ப யாரு மாமா அயர்ன் பாக்ஸ் போடறது?"

மாமா சிரித்தார். சாவியை எடுத்தார்.

"வா, காட்டறேன்."

மாடி ஸ்டோர் ரூம். ஜன்னலை மறைத்து, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறை. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது.

மாமா பூட்டைத் திறந்தார். ஒரு கை கதவில். இன்னொரு கை, பின்னால் செருகியிருந்த ஸ்பேனரில்...

அறைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

கதவு திறந்தது. உள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க ஓர் இஸ்திரிப் பெட்டி வந்து, கதவைப் பிடித்த கையின் மேல் உட்கார்ந்தது.

ஸ்பேனர் கீழே விழுந்தது. அதன் மேல் மாமா விழுந்தார்.

அக்கா வெளியே வந்தாள்.

"எவ்ளோ நேரம்டா போட்டுப் போட்டு அணைக்கிறது? கீழ உக்காந்து பாடமா கேட்டுட்டிருக்க?"

மறுநாள் அக்கா சாட்சி சொன்னாள். தம்பி இன்றுவரை கசங்கிய சட்டையோடுதான் திரிகிறான். இஸ்திரிப் பெட்டியைக் கண்டாலே நடுங்குகிறான். மாமா சிறையில். அங்கேயும் சாயங்காலமானால் விளக்கு மங்குகிறதாம்.

ஏன் என்று யார் கேட்டாலும், 'தெரியாது' என்கிறாராம் மாமா.