பாலுக்கு வந்தவர்கள்

குழந்தை அழவில்லை. ஆனாலும் மைத்ரேயிக்குப் பால் சுரந்துவிட்டது.

கூடத்து உத்தரத்தில் கட்டியிருந்த புடவைத் தூளியில் ஜகு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்துப் பிள்ளை. இப்போதுதான் குடித்துவிட்டுப் படுத்தவன், லேசில் எழுந்திருக்க மாட்டான். அவன் அழுதால் மார்பு கனக்கும், உள்ளே ஊசி குத்துவதுபோல ஒரு சுருக், அப்புறம் துணி நனையும். இத்தனை நாளும் அந்த வரிசை தப்பியதில்லை. இன்றைக்கு அவன் சிணுங்கக்கூட இல்லை. துவைத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்தபோது நைட்டியின் முன்பக்கம் இரண்டு வட்டமாக ஈரமாகியிருந்தது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் நினைவில்லை. மாலை வெளிச்சத்தை ஐப்பசி மேகம் தின்றுவிட்டிருந்தது. உத்தர வீதி வீடுகளுக்கே உரிய அந்த நீளமான வீட்டில் வாசல் கூடம் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முற்றத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் சாமான் அறை, இரண்டும் இருட்டு. மின்விசிறி நின்றால் வீடு தன் சொந்தச் சத்தங்களோடு எழுந்து உட்காரும். முற்றத்தில் சொட்டும் குழாய், அலமாரிக்குள் எங்கோ ஒரு பல்லி, உத்தரம் தன் பாட்டுக்கு விடும் சின்ன முனகல். மாமியார் ரங்கம்மா பெருமாள் சேவிக்கப் போயிருந்தாள். கணவன் ஜனார்தன் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டில் இருந்தான்.

தன் உடம்பு முதலில் கேட்டுவிட்டதை அவள் காது அப்புறம்தான் கேட்டது. எங்கோ வெளியே, இரண்டு மூன்று வீட்டுக் கூரைகளுக்கு அப்பால், ஒரு சீழ்க்கை. முதலில் நீளமாக, மேலே ஏறி நிற்கும் ஒரு சுரம். அப்புறம் சின்னதாகக் கீழே விழும் இன்னொன்று. கிளி அப்படிக் கத்தாது. ஊர்க் குரங்கும் அப்படிக் கத்தாது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியக் கூடாது என்று அவள் விரும்பினாள்.

பிரசவ விடுப்புக்கு முன் மைத்ரேயி வேலை பார்த்த இடம் திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரம், முன்பு அரிசி ஆலையாக இருந்த கட்டடம். ஊரில் எல்லோரும் அதை மருந்துக் கம்பெனி என்றார்கள். “என் மாட்டுப்பொண் டாக்டர்தான், ஆனா ஊசி போடற டாக்டர் இல்லே” என்று ரங்கம்மா வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் ஊசி போடுவதுதான் அவள் வேலை. மார்மோசெட் என்ற தென் அமெரிக்கச் சிறு குரங்கின் கருவில், நுண்ணோக்கியின் கீழ், முடியைவிட மெல்லிய ஊசியால் மனித மரபணு ஒன்றைச் செலுத்துவாள். மூளை வளர்வதற்கான மரபணு. குழந்தைகளுக்கு வரும் ஒரு நோயை ஆராய்வதற்காக என்று திட்ட அறிக்கையில் இருந்தது, அவளும் அதை நம்பினாள். அந்தக் கருக்களை வாடகைத் தாய்க் குரங்குகளின் வயிற்றில் வைப்பார்கள். அணிலைவிடக் கொஞ்சம் பெரிய உருவம், காதோரம் வெள்ளைக் குஞ்சம், வளையம் வளையமாக வால். யார் பார்த்தாலும் கொஞ்சத் தோன்றும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வாள். இந்த இனத்தில் தாய்க்குப் பால் கொடுப்பது மட்டும்தான் வேலை. குடித்து முடித்ததும் தகப்பனும் அண்ணன் அக்காக்களும் குட்டியை வாங்கி முதுகில் சுமந்துகொண்டு போய்விடுவார்கள், மறுபடி பசித்தால்தான் தாயிடம் கொண்டுவருவார்கள். “எங்க ஆத்துக்காரர் இங்க வந்து டிரெய்னிங் எடுக்கணும்” என்பாள்.

அவள் ஊசி போட்ட இருபது குட்டிகளும், ஜகு பிறந்த அதே வாரம் பிறந்தன. தாய்க் குரங்குகள் அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டுக் கூண்டின் மறுகோடிக்குப் போய்விட்டன. புட்டிப் பாலைக் குட்டிகள் கக்கின. கால்நடை மருத்துவர் தஹ்ஸீன், அவளைவிட நாலைந்து வயது சின்னவள், தொலைபேசியில் அழுதேவிட்டாள். மைத்ரேயியோ ஜகு குடித்தது போக மிஞ்சிய பாலைப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மனித மரபணு உள்ள குட்டிகளுக்கு மனுஷப் பால் ஒத்துக்கொள்ளுமோ என்று யாருக்கு முதலில் தோன்றியது என்பது இப்போது இருவருக்கும் நினைவில்லை. ஜனார்தனுக்கும் ரங்கம்மாவுக்கும் தெரியாமல், சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து தஹ்ஸீன் புட்டியை வாங்கிப் போனாள்.

குட்டிகள் குடித்தன. கக்கவில்லை. “உங்க குரலை ஒரு தடவை பதிவு பண்ணி அனுப்புங்கக்கா, போட்டுக்கிட்டே கொடுக்கறேன், இன்னும் நல்லா குடிக்கும்” என்றாள் தஹ்ஸீன். ஜகுவைக் கூப்பிடுவதுபோலவே, வாடா கண்ணா வாடா என்று மைத்ரேயி பேசி அனுப்பினாள்.

“எங்கள்ல ஒரே தாய்கிட்ட பால் குடிச்சவங்க அண்ணன் தம்பிங்கக்கா. கல்யாணம்கூடப் பண்ணிக்க முடியாது. இனிமே இதுங்கல்லாம் ஜகுவுக்குப் பால்குடி அண்ணனுங்க” என்று தஹ்ஸீன் ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

அப்புறம் குட்டிகள் மிக வேகமாக வளர்ந்தன. இரண்டே மாதத்தில் தாயின் உயரம் வந்தன. கூப்பிடும்போது எல்லாக் குட்டிகளும் ஒரே ராகத்தில் கூப்பிட்டன. இயக்குநர் ஒருநாள் வந்து வெகுநேரம் கூண்டின் முன் நின்றுவிட்டு, பாலை நிறுத்தச் சொன்னார். போன வாரம், திட்டத்தையே நிறுத்தச் சொன்னார். நிறுத்துவது என்றால் குட்டிகளுக்குக் கடைசி ஊசி என்று அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை என்று தஹ்ஸீன் சொன்னாள். அன்றிரவு ஜகுவுக்குப் பால் கொடுக்கையில் மைத்ரேயிக்குக் கண் கலங்கியது.

சீழ்க்கை மறுபடி கேட்டது. இப்போது பக்கத்து வீட்டுக் கூரை. ஏறி நின்று, விழுந்தது. வா... டா. அவளுடைய ராகம். அவள் பிள்ளையைக் கூப்பிடும் அதே இழுப்பு, அதே இறக்கம், சொல் மட்டும் இல்லை. மார்பு சுருக்கென்றது. பால் வயிறுவரை வழிந்தது. தன் உடம்பே தன்னைக் கேட்காமல் யாருக்கோ பதில் சொல்கிறது என்ற அருவருப்பில் அவள் துண்டை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தஹ்ஸீனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அக்கா, நானே கூப்பிடணும்னுதான்... காலைல கரண்ட் போனதும் கதவு லாக் விட்டுடுச்சு. ஜெனரேட்டர் எடுக்கல. குட்டிங்க கூண்டெல்லாம் காலிக்கா.”

“யாரு தொறந்தா?”

“யாருமில்ல. கம்பி வழியா கைய விட்டு, தாழ்ப்பாளத் தூக்கி... ஒண்ணொண்ணா தொறந்திருக்குங்க. ஒடைக்கல. யா அல்லாஹ், ஒண்ணையும் ஒடைக்கலக்கா. பெரிய குரங்குங்க அப்படியே உள்ள இருக்கு, அதுங்க கூண்ட மறுபடி சாத்திட்டுப் போயிருக்கு. நீங்க வீட்டுல கதவெல்லாம்...”

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டால் மணியே போகவில்லை.

ஜனார்தனைக் கூப்பிட்டாள். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்ததால் அவர்களுக்குள் எப்போதும் நீ, வா, போதான். பின்னணியில் இயந்திரங்களின் இரைச்சல்.

“ஜனா, நீ உடனே வா. இங்க குரங்கு...”

“ஸ்ரீரங்கத்துல குரங்கு வராம சிங்கமா வரும்? கொல்லைக் கதவைச் சாத்திக்கோ. முற்றத்து மேலதான் கம்பி போட்டிருக்கே.”

“அதுக்கு இல்லடா, இது...”

“மைத்து, மிஷின்ல நிக்கறேன். ஷிப்ட் முடிஞ்சதும் வந்துடறேன்.” வைத்துவிட்டான்.

முற்றத்தின் மேல் கம்பி இருந்தது உண்மைதான். தேங்காய் மூடியைக்கூட விட்டுவைக்காத ஊர்க் குரங்குகளுக்காக மாமனார் காலத்தில் போட்டது. அவள் முற்றத்தின் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு கம்பிக்கும் நடுவே அவள் கை தாராளமாக நுழையும் இடைவெளி.

ஜகுவைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் சமையலறைக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. அதைச் சாத்திவிட்டு வந்து தூக்கலாம். ஒரு நிமிஷம்தான். ஓடினாள். இருட்டில் கால் அம்மியில் இடித்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது துருப்பிடித்த தாழ்ப்பாள், இரண்டு முறை சறுக்கிவிட்டுத்தான் உள்ளே போனது.

திரும்பும்போது வாடை அடித்தது. புளித்த பாலும் மழையில் நனைந்த மரப்பட்டையும் கலந்த வாடை. ஆலைக் கட்டடத்தின் கடைசி அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் அடித்த வாடை. அது வெளியிலிருந்து வரவில்லை. கூடத்திலிருந்து வந்தது.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

ஆட்டிவிட்டுப் போனதுபோல, சீராக. புடவையின் மடிப்பு தொங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் விரித்துப் பார்த்தாள். சூடு இருந்தது. அவன் இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பாய்க்குப் பின்னால். தூளிக்குள்ளேயே மறுபடியும். என் குழந்தை, என் குழந்தை என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது.

ஜகு இதுவரை வாய்விட்டுச் சிரித்ததில்லை. பொக்கை வாயைத் திறப்பான், சத்தம் வராது. இந்த வாரம் சிரிப்பான், அடுத்த வாரம் சிரிப்பான் என்று வீடே காத்திருந்தது. அந்த முதல் சிரிப்பு சாமான் அறையிலிருந்து வந்தது. உயரத்திலிருந்து.

கைப்பேசி வெளிச்சத்தோடு வாசற்படியில் நின்றாள்.

பரண். அதில் சாத்திய மர ஏணி. பித்தளை அண்டாக்கள். அண்டாக்களின் நடுவே, விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, ஜகு. அவனைச் சுற்றிலும், அவனுக்கு அடியிலும், வெள்ளைக் குஞ்சங்கள். அவன் கிடந்தது பலகைமேல் இல்லை. முதுகுகளின்மேல். அவனுடைய இரண்டு கைகளும் அவற்றின் மயிரை இறுகப் பற்றியிருந்தன. குட்டிகள் பற்றுவதுபோல. ஒன்று அவன் காதை நக்கிச் சுத்தம் செய்தது. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. கண்கள் வெளிச்சத்துக்குக் கூசவில்லை.

அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

கூட்டம் விளிம்புக்கு நகர்ந்தது. ஜகுவின் ஒரு கால் வெளியே தொங்கியது. கீழே கருங்கல் தளம்.

நின்றாள். அவை நின்றன.

மிரண்டால் போட்டுவிடும். அவளுக்குத் தெரியும். பிடுங்க வரும் தாயிடம் அவை கொடுக்காது. கேட்க வரும் தாயிடமும் கொடுக்காது. உட்கார்ந்திருக்கும் தாயிடம் கொடுக்கும். பாலோடு உட்கார்ந்திருக்கும் தாயிடம்.

உட்கார்ந்தாள். தளம் சில்லென்றது. நைட்டியின் பட்டன்களைக் கழற்றினாள். கைப்பேசியைத் தரையில் வைத்தாள். வெளிச்சம் உத்தரத்தில் விழுந்தது.

“வாடா” என்றாள். “வாடா கண்ணா. வா.”

ஒரே குரலாகப் பதில் வந்தது.

ஏணி வழியே அந்தக் கும்பல் இறங்கியது. படிக்குப் படி. ஒன்று காலைப் பிடிக்க, ஒன்று தோளைத் தாங்க, மற்றவை அடியில் படுத்து முதுகைக் கொடுக்க. எவ்வளவு பத்திரமாக. ஜகுவின் தலை எங்குமே இடிக்கவில்லை. மடியில் கொண்டுவந்து வைத்தன. அவள் அவனை அள்ளி அணைத்தாள். உயிரோடிருந்தான். சூடாக இருந்தான். வாய் மார்பைத் தேடிப் பிடித்தது. எழுந்து ஓடு, ஓடு என்று மனம் கத்தியது.

ஒன்று மட்டும் அவன் தலையை விட்டு இறங்கவில்லை. உச்சியில், எலும்பு இன்னும் மூடாத இடத்தில், தோலுக்கு அடியில் துடிப்பது தெரியும் அந்தக் குழியில், வாயை வைத்திருந்தது. மரப்பட்டையைக் குடைவதற்கென்றே நீண்ட கீழ்ப்பற்கள். அழுத்தவில்லை. வைத்திருந்தது. கண் அவளைப் பார்த்தது.

அவள் அசையவில்லை.

இன்னொன்று மடியில் ஏறியது. அவசரமில்லாமல் மறுபக்கத்து மார்பைப் பிடித்தது. சின்ன விரல்கள், சின்ன நகங்கள். மற்றவை தளத்தில் வரிசையாக உட்கார்ந்தன.

வாசல் கதவை ரங்கம்மா தட்டினாள்.

“மைத்ரேயி! தூங்கிட்டியாம்மா? கதவைத் தொற. மழை வரது.”

அவள் வாயைத் திறந்தாள். உச்சிக்குழியில் பல் சற்றே அழுந்தியது. மூடிக்கொண்டாள்.

“மைத்ரேயி! குழந்தை அழறானா?”

அவன் அழவில்லை. வயிறு நிரம்பிவிட்டது. மார்பை விட்டான். ஓரத்தில் ஒரு சொட்டுப் பால் வழிய, அம்மாவை ஒரு முறை பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே குனிந்து காத்திருந்த முதுகை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான்.

மைத்ரேயி அணைப்பைத் தளர்த்தினாள்.