கழுவிய வேர்

"அக்கா, வேருல வெள்ளையா நூல் நூலா இருக்கே, அது என்ன?"

"பூஞ்சைம்மா. வேரோட கூட்டாளி. வேர் எட்டாத எடத்துல இருந்தெல்லாம் தண்ணி கொண்டாந்து குடுக்கும். மரம் அதுக்குச் சர்க்கரை குடுக்கும்."

"எல்லா மரத்துக்கும் இதேதானா?"

"நல்லாக் கேட்ட போ! காட்டுல ஒரு மரத்தடியிலயே எம்புட்டு வகை இருக்கு தெரியுமா? வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கண்ணுக்கே தெரியாதது..."

ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை நாற்றங்காலில் ஜெயசித்ரா அக்கா அன்று சொன்னது இந்துவுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. அங்கிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த கோங்கு மரக் கன்று, தொட்டியில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

"சித்தி, இந்தக் கன்ன வேற தொட்டிக்கு மாத்துனீங்களா?"

"ஆமாட்டி. வேரு பூரா பஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. குழாயடியில அலசிப் புது மண்ணுல வச்சேன். பளிச்சுன்னு ஆயிருச்சு!"

கல்பனா சித்தி ராஜபாளையத்தில் மருத்துவப் பஞ்சு ஆலையில் வேலை பார்ப்பவர். எங்கே பஞ்சைப் பார்த்தாலும் கை தட்டிவிடப் போய்விடும்.

இந்துவுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள். சித்தியை இரண்டாவதாக மணந்து, இந்துவையும் இங்கே குடிவைத்துவிட்டு அப்பா பட்டாளத்துக்குத் திரும்பிய பிறகு, இந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். சித்தி நல்லவர்தான். ஆனாலும் இறந்துபோன அம்மாவின் போட்டோ இன்னும் இந்துவின் துணிப்பைக்குள்ளேயே இருந்தது. மாட்டலாமா என்று கேட்டால் சித்தி வருத்தப்படுவாரோ?

"அது பஞ்சு இல்ல சித்தி. கன்னோட கூட்டாளி" என்று விளக்கினாள்.

"ஐயையோ! கூட்டாளியச் சாக்கடையில விட்டுட்டேனா?"

சித்தி விழித்த விழியில் இந்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வேற கூட்டாளியக் கூட்டிட்டு வருவோம் சித்தி. அது வளந்த எடத்து மண்ணு ஒரு கை கெடச்சாப் போதும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்திக்கு இருப்பதே அந்த ஒரு நாள் லீவு. ஊறவைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

ஜெயசித்ரா அக்கா டிபன் டப்பா நிறைய மண் தந்தார். "இதையும் அலசிராதீங்க!"

இந்து அந்த மண்ணை வேரைச் சுற்றிப் பதமாக இட்டாள். தினமும் அளவாகத் தண்ணீர் ஊற்றினாள். கன்று பல நாள் முறைத்துக்கொண்டே நின்றது. பிறகு ஒரு காலையில் செம்பு நிறத்தில் ஒரு தளிர்!

சித்தி அதைக் காட்டத் தெருவையே கூப்பிட்டுவிட்டார். கூட்டம் கலைந்ததும், "ஒரு கை பழைய மண்ணுக்கா அதுக்கு அம்புட்டு ஏக்கம்?" என்று தளிரைத் தடவினார்.

"தேங்க்ஸ் சித்தி."

"எனக்கெதுக்குட்டி? வாட வச்சதே நானு!"

"லீவு நாள்ல வந்தீங்கள்ல, அதுக்கு."

சித்தி அவள் தலையைக் கோதினார். இந்து உள்ளே ஓடி, துணிப்பையிலிருந்து போட்டோவை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சித்தி, எங்கம்மா போட்டோவ நம்ம வீட்டுல மாட்டுவோமா?"