திரைக்குக் காட்டிய சூடம்

"தட்டத் தொடாத! ஒரு தடவ நீ காட்டுன சூடமே போதும்!"

விடிந்ததும் விடியாததுமாகக் கணவர் ஆத்மநாதன் போட்ட சத்தத்தில், விளக்கிக்கொண்டிருந்த சூடத்தட்டைச் சொர்ணவல்லி தரையில் வைத்தாள். வந்த கோபத்தை விழுங்கினாள். பதினாறு வருடத்தில் அவளுக்கு இது பழகிப்போயிருக்கும் என்று அவர் நினைத்தார். பழகவெல்லாம் இல்லை!

கீரமங்கலத்தில் அவள் மாமனார் கட்டிய மீனாம்பிகை டாக்கீஸ் இன்று மறுபடியும் திறக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு முன் வீட்டு மருமகள் திரைக்குச் சூடம் காட்டுவது அங்கே வழக்கம். பதினாறு வருடத்துக்கு முன் அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் திரை எரிந்தது. "சூடத்த அணைக்காம வந்துட்டேன்" என்று சொர்ணவல்லியே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டாள். அன்று பூட்டிய கொட்டகை அது. அவளுடைய கொழுந்தன் கண்ணன் துபாயிலிருந்து திரும்பி, ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, தரை டிக்கெட்டில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் குட்டைச்சுவரைக்கூட இடிக்காமல் கொட்டகையை நிமிர்த்தியிருந்தான்.

பத்து மணிக்குப் புதுத் திரைக்கு முன்னால் ஊரே கூடி நின்றது.

"அண்ணி, வாங்க. நீங்கதான் காட்டணும்," என்றான் கண்ணன்.

"அவளா? மறுபடியும் கொளுத்தவா?" ஆத்மநாதன் சிரித்தார். கூட்டத்தில் நாலு பேரும் சிரித்தார்கள்.

கண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "போதும்ண்ணே! அது சூடமே இல்ல... திரைக்குப் பின்னாடி நான் போட்ட பீடி! போலீசு கேசுன்னா எனக்கு பாஸ்போர்ட்டு கெடைக்காதுன்னு அண்ணி ஏத்துக்கிட்டாங்க... வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க!" அழுதபடி அவள் காலில் விழுந்தான்.

ஆத்மநாதன் அவள் பக்கம் திரும்பினார். "ஏன்டி... எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

சொர்ணவல்லி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரங்க. ரெண்டாம் நாளு. கொல்லைக் கொட்டாயில ஒதுங்கியிருந்தேன். நீங்கதான் எலையில சோறு கொண்டாந்து வச்சீங்க. நான் எப்புடிங்க சூடத்தட்டத் தொட்டிருப்பேன்? ஊருக்குப் பொய் சொன்னேன்... ஒங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து கேப்பீங்கன்னு காத்திருந்தேன். ஒரு நா... ஒரே ஒரு நா யோசிச்சிருந்தா போதுமே!"

ஆத்மநாதனின் கண்கள் நிறைந்தன. தட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீயே காட்டு, சொர்ணம்..."

அவள் வாங்கவில்லை.

"நீங்க காட்டுங்க. கல்யாணமாகி வந்த நாள்லருந்து டிக்கெட்டு கிழிச்சுக் கிழிச்சு, இந்தக் கொட்டாயில ஒரு படத்தையும் நான் முழுசாப் பாத்ததில்ல. இன்னைக்குப் பாக்கப்போறேன்."

கண்ணனைத் தூக்கி நிறுத்தி, அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு குட்டைச்சுவரைச் சுற்றிக்கொண்டு போய், பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

ஆத்மநாதன் காட்டிய சூடம் அணைந்தது. அவர் தட்டோடு சுவருக்கு இந்தப் பக்கம், திரைக்கு முன்னாலேயே நின்றார்.

"மறைக்காதீங்க," என்றாள் சொர்ணவல்லி. "படம் போடப் போறாங்க."